குடல் அழற்சிக்குப் புழு வைத்தியமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எனக்கு கிரோன்ஸ் நோய். பன்றிப் புழுவின் முட்டையைக் குடித்தால் அடங்கும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், திருவொற்றியூர்)

ப: நம்பிக்கை காரணமில்லாமல் வரவில்லை. கிரோன்ஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிக் குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் நோய். குடலில் புழு இருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தணிந்து போகிறது. 2005-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 29 கிரோன்ஸ் நோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 2,500 பன்றிச் சாட்டைப்புழு முட்டைகள் கொடுத்தார்கள். 24 வாரத்தில் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் திரவம் குடித்த இன்னொரு குழு அதில் இல்லை. அப்படி ஒரு குழுவையும் சேர்த்து அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தலா 250 பேர் அளவில் சோதித்தபோது, 7,500 முட்டை வரை கொடுத்தும் வித்தியாசம் தெரியவில்லை. 2013-இல் அந்த முயற்சி நின்றது. இதை நம்பி உங்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கே: இங்கே வெறுங்காலில் நடந்தாலே கொக்கிப்புழு ஏறுகிறதே, அதுவே மருந்தாகாதா? (வாசகர், காசிமேடு)

ப: ஆகாது. ஆய்வில் தோலில் வைப்பது ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எண்ணி எடுத்த ஒரே இனத்துப் புழுக்குஞ்சுகள். மண்ணில் எது, எத்தனை என்ற கணக்கே கிடையாது. கொக்கிப்புழுவில் ஓர் இனம் நாளுக்குச் சுமார் 0.03 மி.லி. ரத்தம் உறிஞ்சும், இன்னொன்று 0.2 மி.லி. வரை. இரண்டாவது இனத்தில் நூறு புழு என்றால் தினம் 20 மி.லி. ஏற்கெனவே மலத்தில் ரத்தம் போகிறவருக்கு இது தாங்காது. உருண்டைப்புழுவோ, கிரோன்ஸால் சுருங்கிய குடலை அடைத்துவிடும்.

கே: ஸ்டீராய்டு தொடங்குமுன் மலப் பரிசோதனை கேட்கிறார்கள். எதற்கு? (வாசகர், வியாசர்பாடி)

ப: இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். அழற்சியைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும்; அது உள்ளே போனதும் புழு பெருகிக் குடலைத் துளைத்து, கிருமிகளை ரத்தத்தில் சேர்த்து உயிரையே வாங்கும். அமீபா சீதபேதியும் பார்வைக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்) போலவே இருக்கும். குடல் காசநோய் கிரோன்ஸ் போல இருக்கும். இவற்றில் எது இருந்தாலும் ஸ்டீராய்டு கேடுதான்.

ஒருமுறை பார்த்தால் புழு தப்பிவிடும். வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுங்கள். உலர்ந்த டப்பாவில், சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல், ரத்தமும் சளியும் உள்ள பகுதியை எடுங்கள். நீர்த்த மலம் என்றால் அரை மணிக்குள் லேபில் சேருங்கள்; தாமதித்தால் அமீபாவின் அசைவு நின்று அடையாளம் தெரியாது. ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு ஒரே ஒரு அல்பெண்டசோல் (வழக்கமான பூச்சி மாத்திரை) போதாது. எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின், அதாவது 60 கிலோ ஆளுக்கு 12 மி.கி., மருத்துவர் எழுதித் தருவார்.

கே: வெளிநாட்டிலிருந்து புழு முட்டை தபாலில் வரவழைக்கலாமா? (வாசகர், ராயபுரம்)

ப: வேண்டாம். என்ன இனம், உயிரோடு இருக்கிறதா என்று உங்களால் சரிபார்க்க முடியாது. பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

கே: பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையால் பிற்காலத்தில் மகளுக்குக் குடல் நோய் வருமோ? (வாசகர், கொருக்குப்பேட்டை)

ப: அப்படி நிரூபணமில்லை. புழுவால் வரும் ரத்தசோகை நிச்சயம். 400 மி.கி. மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதியை நசுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அன்று காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். விடுபட்டவர்களுக்கு மறுபடி ஒரு நாள் வைப்பார்கள்.