‘சுன் சின் ஜி’யைப் பாதியில் வைக்கலாமா?

ஹுவாங் யீ எழுதிய சீன வரலாற்று நாவல் ‘சுன் சின் ஜி’யில் நூறு பக்கம் தாண்டியும் யார் எந்த நாட்டுக்காரர் என்று புரியவில்லை, மூடி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே. ஹுவாங் யீயின் சீன வாசகர்களுக்கு இது பழகிய வரலாறு, நமக்குத்தான் புதுசு. ஒரு துண்டுத்தாளில் சின், சாவ், வெய், ஹான், சூ, யான், ச்சி என்று அன்றைய சீனாவின் ஏழு நாடுகளையும் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். கி.மு. 260இல் சாங்பிங் போரில் சின் படையிடம் சாவ் நாடு நொறுங்கியது. அது தெரிந்தால் சாவ்காரர்களின் கொதிப்பு புரியும். வணிகராக இருந்து மந்திரியான லூ புவெய் வந்ததும் கதை சூடுபிடிக்கும்.

அப்புறம், நம் காலத்திலிருந்து அந்தப் பழங்காலத்துக்குப் போய்ச் சேரும் கதாநாயகனான சிப்பாயிடம் எதிர்ப்படும் பெண்களெல்லாம் மயங்குவது எனக்கும் சலிப்புதான். அந்தப் பக்கங்களைத் தாராளமாகத் தள்ளுங்கள். நாவலைப் பற்றி இணையத்தில் மட்டும் தேடிவிடாதீர்கள், சின் இளவரசர் விஷயத்தில் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது.