மீன்தொட்டிக் கேள்விகள்: பாசிக்குத் தீனி போடுவது யார்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி பாசிக்கு உரமாகும் பொஸ்பேற்றைப் பற்றியவை. மாரி முடிந்து வெயில் ஏறியதும் எல்லோர் வீட்டுக் கடல்தொட்டியிலும் பாசி தலைகாட்டியிருக்கிறது போல. பதிலுக்கு முன் ஒரு சின்னத் திருத்தம். பலர் என்னை 'சேர்' என்று விளித்து எழுதுகிறீர்கள். நான் ஆசிரியர் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் 27 வருடம் சோதனைக்குழாய் கழுவிய ஆள். இப்போது கல்லடியில் வீட்டு விறாந்தையில் ஒரு தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எனது 150 லீற்றர் தொட்டிக்கு இரண்டு வயது. இரண்டு கோமாளி மீன், ஒரு டாம்சல், கொஞ்சம் மென்பவளம். கல் முழுக்கப் பச்சை மயிர்ப்பாசி. பொஸ்பேற்று 0.5 பிபிஎம் (லீற்றருக்கு அரை மில்லிகிராம்). உறிஞ்சும் மருந்து போட்டால் 0.1க்கு இறங்குகிறது, மூன்றாம் நாள் திரும்ப 0.4. குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று, தண்ணீரை மென்சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கப் போகிறேன். சரியா?
வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி, வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெஷின் வந்த கிழமையே பாசி போய்விடும் என்று நம்பியிருந்தால் காசும் போய் மனமும் நொந்துபோகும். முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம்.

உங்கள் தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது என்று வைப்போம். கிழமைக்கு 14. அதோடு கிழமைக்கு 15 லீற்றர் மாற்றுகிறீர்கள். ஆக, 30 லீற்றர் அளவில் குழாய்த் தண்ணீர் உள்ளே போகிறது. அதில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் பொஸ்பேற்று இருந்தாலும் கிழமைக்கு 3 மில்லிகிராம்தான்.

இனித் தீனிக்கு வாருங்கள். உலர்தீனியில் நிறைக்கு 1 சதவீதம் அளவில் பொஸ்பரசு இருக்கும். நாளுக்கு அரைக் கிராம் போட்டால் 5 மில்லிகிராம் பொஸ்பரசு. அதைப் பொஸ்பேற்றாக மாற்ற 3.07 ஆல் பெருக்க வேண்டும்: 15 மில்லிகிராம். 150 லீற்றரில் அது 0.1 பிபிஎம், ஒரே நாளில்! கிழமைக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டும். அதில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும், ஒரு பங்கு கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் கருவியின் நுரையோடு வெளியே போகும், மிச்சம் பாசிக்கு. மூன்றையும் நூறையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரைக் கிராம் என்றால் எவ்வளவு என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, தீனியைக் கிள்ளி அதில் வைத்தேன். என் கிள்ளு 0.4 கிராம். பேரன் 'மீனுக்குப் பசிக்குது அப்பப்பா' என்று போடும் கிள்ளு 1.1 கிராம். நான் காலையில் போட, பின்னேரம் அவன் போட, இரவில் மனைவி பாவம் பார்த்துப் போட, மாதக்கணக்காக நான் குழாய்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்குரிய தீனியைக் காலையிலேயே மருந்துப் போத்தல் மூடியில் அளந்து வைத்துவிடுவேன். யார் போட்டாலும் அந்த மூடிக்குள் இருப்பதுதான்.

அப்புறம், மூன்றாம் நாள் ஏன் திரும்ப ஏறுகிறது? கல்லைப் பாருங்கள். கடல்தொட்டிக் கல்லும் மணலும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. பொஸ்பேற்று அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கூடினால் கல் பிடித்து வைக்கும், தண்ணீரில் குறைந்தால் கல் விட்டுக்கொடுக்கும். மீன்கறி வைத்த மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாலும் அடுத்த நாள் வெந்நீர் ஊற்றியதும் வாசம் வருகிறதல்லவா, அந்த மாதிரி. இரண்டு வருடம் கல் தின்றதை ஒரு பொட்டலம் மருந்து இரண்டு நாளில் எடுக்காது. உங்கள் மருந்து வேலை செய்யாமல் இல்லை. தண்ணீரில் இருந்ததை அது எடுத்தது, கல் அடுத்த தவணையை வெளியே விட்டது.

இதைத் தெரியாமல் நான் பட்டதையும் சொல்கிறேன். என் தொட்டியில் ஒருமுறை 0.8. கோபம் வந்து ஜி.எப்.ஓ. என்கிற இரும்பு ஒக்சைட்டு மணியைப் பொட்டலத்தில் சொன்னதைப் போல மூன்று மடங்கு போட்டேன். போடுவதற்கு முன் கழுவினேன், அதுவும் சமையலறைத் தொட்டியில். ஒரு வாளி, இரண்டு வாளி, தண்ணீர் துருப்பிடித்த தகரத்தைத் தேய்த்த மாதிரி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது வாளியில்தான் தெளிந்தது. வெள்ளைத் தொட்டியில் விழுந்த கறையை மனைவி இன்றும் விருந்தாட்களுக்குக் காட்டுகிறாள். சரி, அது போகட்டும். 36 மணித்தியாலத்தில் பொஸ்பேற்று 0.02க்கு இறங்கிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் காலை என் லெதர் பவளம் சுருங்கிக் காய்ந்த காளான் மாதிரி நின்றது. மூன்று கிழமை விரியவில்லை. பாசியோ, அது பாட்டுக்கு இருந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: தீனியை அளந்து பாதியாக்குங்கள். பாசியைக் கையால் பிய்த்து வெளியே எறியுங்கள். பிய்த்த பாசியோடு அது உறிஞ்சிய பொஸ்பேற்றும் போகிறது, அதைவிட மலிவான மருந்து இல்லை. ஜி.எப்.ஓ.வைச் சொன்ன அளவில் பாதி போட்டு, நன்றாகக் கழுவி, தண்ணீர் அதனூடாக மெதுவாக ஓடும்படி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை, அதனூடாக வெளியே வரும் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் சோதியுங்கள். இரண்டும் ஒன்றானால் மணி நிரம்பிவிட்டது, மாற்றுங்கள். 0.5 இலிருந்து 0.1க்கு வர இரண்டு மாதம் எடுத்தால் நல்லது. கல்லுக்குள் இருப்பதும் அந்த வேகத்தில்தான் வெளியே வரும்.

ரி.டி.எஸ். மீற்றர் 0 காட்டுகிறது. அப்படியென்றால் தண்ணீரில் பொஸ்பேற்று அறவே இல்லை என்று எடுக்கலாமா? எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் மீற்றர் 38 காட்டுகிறது, தோழி வீட்டில் 0. இரண்டும் ஆர்.ஓ.தானே?
வாசகி, ஆரையம்பதி

தங்கச்சி, அந்த மீற்றருக்குப் பொஸ்பேற்றைத் தெரியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவை ஊகித்துச் சொல்கிறது. அதுவும் முழு எண்ணில். 0.1 பிபிஎம் பொஸ்பேற்று அதன் கண்ணில் படாது. ஆனாலும் 0 காட்டினால் பயப்படத் தேவையில்லை. மற்ற எல்லாம் போன தண்ணீரில் பொஸ்பேற்று மட்டும் தனியாகக் குந்தியிருப்பது குறைவு.

உங்கள் 38க்குக் காரணம் நான் நினைப்பது இதுதான். சமையலறை மெஷின்களில் கடைசியாக ஒரு 'மினரல்' குழாய் இருக்கும். நாக்குக்கு ருசி வர, எடுத்த கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் திரும்பக் கலக்கும். குடிக்க நல்லது, தொட்டிக்குத் தேவையில்லை. அந்தக் குழாய்க்கு முன்னாலிருந்து தனிக்குழாய் எடுத்து அளந்து பாருங்கள். தோழி வீட்டில் மென்சவ்வுக்குப் பின் ரெசின் குழாய் ஒன்று இருக்கும். அது இல்லாமல் 0 வருவது கடினம். மென்சவ்வு நல்ல நிலையில் இருந்தால் கரைந்த உப்பில் 95 முதல் 98 சதவீதத்தைத் தடுக்கும். குழாய்த் தண்ணீர் 150 என்றால் 3 முதல் 8 வரை மிஞ்சும், ரெசின் அந்த மிச்சத்தைப் பிடிக்கும்.

கிணற்றுத் தண்ணீரை நேரே மெஷினுக்குக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: மீற்றரைக் கிணற்றில் வைத்துப் பாருங்கள். 900 இருக்கிற கிணறு என்றால் மென்சவ்வு நல்லதாக இருந்தும் 18 முதல் 45 வரை வெளியே வரும், ரெசின் மாதத்துக்கு ஒன்று தின்னும். எங்கள் மணற்பாங்கான கரையோரத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நைத்திரேற்றும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீர் இருந்தால் அதையே எடுங்கள். மெஷினைப் போட்டதும் முதல் சில நிமிடத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காமல் பூமரத்துக்கு விடுங்கள். மென்சவ்வின் இரண்டு பக்கமும் நின்ற தண்ணீர் கலந்து அந்த நேரம் எண் கூடுதலாக வரும்.

ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிக்கா. அதை மீற்றர் ஏறக்குறையக் காணாது. கண்ணாடியில் மண்ணிறப் படலம் திரும்பத் திரும்ப வந்தால் மீற்றரை நம்பிக்கொண்டிருக்காமல் ரெசினை மாற்றுங்கள்.

பொஸ்பேற்றை 0 ஆக்கினால் பாசியே வராதல்லவா?
வாசகர், அக்கரைப்பற்று

வராது, அதற்குப் பதிலாக டைனோ என்கிற நுண்ணுயிர் வரும். குமிழி கோத்த பழுப்புச் சளி, மணலில் தொடங்கிப் பவளத்தையும் மூடும். மயிர்ப்பாசி உள்ள தொட்டியை நான் ஆயிரம் தரம் கும்பிட்டு வாங்குவேன், டைனோ தொட்டியைச் சும்மா தந்தாலும் வேண்டாம். பவளத்துக்கும் உயிர் வாழப் பொஸ்பேற்று வேண்டும். 0.03 க்கும் 0.1 க்கும் இடையில் வைத்திருங்கள்.

இரண்டு சோதனைப் பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒரு கருவி 50 என்கிறது, நிறம் பார்க்கும் பெட்டி 0.15 என்கிறது. எதை நம்புவது?
வாசகர், சாய்ந்தமருது

இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. கருவி பொஸ்பரசை பிபிபியில், அதாவது பிபிஎம்மின் ஆயிரத்தில் ஒரு பங்கில், சொல்கிறது. 50 ஐ 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 0.15 பிபிஎம் பொஸ்பேற்று வரும். ஒருவரையும் ஏமாற்றாமல் உங்கள் காசை மட்டும் இரண்டு தரம் எடுத்திருக்கிறார்கள்.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது எனது பழைய தொழில், அதனால் கொஞ்சம் வியாக்கியானம் பண்ணுவேன். மொலிப்டேற்றுச் சேர்ந்ததும் பொஸ்பேற்று நீல நிறம் தரும், அந்த நீலத்தின் கடுமைதான் அளவு. குழாயில் விரல் ரேகை இருந்தால் அதுவும் அளவில் சேரும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அதில் பொஸ்பேற்று இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரால் மூன்று தரம் அலசி, மெல்லிய துணியால் வெளியே துடைத்து, தூள் கரைந்து குமிழி போனபின் வையுங்கள். ஒரே தண்ணீரை இரண்டு தரம் பாருங்கள். 0.04க்கும் 0.06க்கும் இடையிலான வித்தியாசத்தைப் பிடித்துச் சண்டை பிடிக்காதீர்கள், கருவிக்கு அந்த அளவு பிழை விட உரிமை உண்டு.

கடல் வாசலில் இருக்கிறது. உப்புப் பொட்டலத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? கல்குடாவில் நான்கு கான் பிடித்துக்கொண்டு வந்தால் போதாதா?
வாசகர், வாழைச்சேனை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன். மாரியில் வேண்டாம். ஒரு மார்கழியில் சும்மா ஒரு ஆசைக்குக் கல்லடிக் கடலில் ஒரு வாளி பிடித்து உப்புமானியைப் போட்டேன், 1.019 காட்டியது. கடலுக்கு 1.025 வர வேண்டும். வாவியின் முகத்துவாரம் திறந்து, வயல் வெள்ளமெல்லாம் பழுப்பாகக் கரையோரமாக ஓடுகிற காலம் அது. படுவான்கரையில் விதைத்து யூரியாவும் ரி.எஸ்.பி.யும் போட்ட வயல்களின் தண்ணீர்தானே கடலுக்கு வருகிறது. ரி.எஸ்.பி. என்றால் என்ன? அதன் கடைசி இரண்டு எழுத்துமே சுப்பர் பொஸ்பேற்று. அதைக் காசில்லாமல் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, பிறகு காசு கொடுத்து மருந்து போட்டு எடுப்பது வீண் வேலை.

சித்திரை முதல் ஆவணி வரை, ஆறும் வாய்க்காலும் விழாத இடத்தில், அலை உடைகிற இடத்தைத் தாண்டி எடுங்கள். துணியில் வடித்து, மூடிய கானில் இருட்டில் பம்ப் ஓடவிட்டு இரண்டு கிழமை வையுங்கள். ஊற்றுமுன் உப்பையும் பொஸ்பேற்றையும் அளங்கள். தண்ணீரோடு முருகைக்கல்லை மட்டும் கொண்டுவராதீர்கள். கடலில் உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், கரையில் ஒதுங்கியதையும் விட்டுவிடுங்கள். கடையில் பவளம் வாங்குவதென்றாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

மீனுக்குப் பொட்டலத்தில் வரும் உறைந்த இறால் கொடுக்கிறேன். உருகிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டால் பொஸ்பேற்று குறையுமா?
வாசகர், காத்தான்குடி

கொட்டுவது நல்லது காக்கா, ஆனால் அந்தத் தண்ணீரில் போவது சொற்பம். பெரும்பங்கு இறாலின் சதைக்குள்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் பின்பக்கம். பதப்படுத்திய இறாலைத் தண்ணீர் பிடித்துப் பாரம் கூட நிற்கட்டும் என்று சில இடங்களில் பொஸ்பேற்றுக் கரைசலில் ஊறவைப்பார்கள். 'பொலிபொஸ்பேற்று' என்றோ 'ஈ 451' என்றோ போட்டிருந்தால் அது மீனுக்கு வேண்டாம். வாவி இறால் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே பச்சையாகக் கிடைக்கிறது. இரண்டு இறாலை உரித்து, அரிசியளவில் நறுக்கி, ஐஸ் தட்டில் உறையவையுங்கள். மிச்சத்தை வீட்டில் கொடுத்தால் யாரும் மீன்தொட்டியைப் பற்றி ஒரு கிழமைக்கு முறைப்பாடு சொல்லமாட்டார்கள்.