பெரிய நூலகத்துக்கு எந்த வைஃபை கருவி வாங்கலாம்?

நாலு மாடி, எந்நேரமும் கூட்டம் என்கிறீர்கள். அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இங்கே பிரச்சினை நெரிசல்தான்: சிக்னல் முழுசாகக் காட்டும், பக்கம் திறக்காது. வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (சிக்னல் போகும் தனித்தனிப் பாதைகள்) 1, 6, 11 மட்டுமே. அதனால் சேனல்கள் அதிகம் உள்ள 5 கிகாஹெர்ட்ஸை நம்புங்கள். அகலம் குறைந்தால் சேனல்கள் கூடும்; எனவே சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். வைஃபை 6 தலைமுறை அக்சஸ் பாயிண்ட்களாக (வைஃபை சிக்னலைத் தரும் கருவிகள்) வாங்கி, ஒவ்வொன்றின் சிக்னல் பவரையும் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வராந்தாவில் வரிசையாக மாட்ட வேண்டாம். ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே மாட்டுங்கள். இரும்பு அலமாரிகள் சிக்னலை நன்றாகவே தடுக்கும்.

அப்புறம் பிஓஇ ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே அந்தக் கருவிகளுக்கு மின்சாரமும் தரும் பெட்டி. போர்ட்டுக்கு 30 வாட் என்று போட்டிருந்தாலும், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து அவ்வளவு தராத மாடல்கள் உண்டு. மொத்த வாட்டைக் கேட்டு வாங்குங்கள்.