திரும்பினால் நாரி பிடிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 47. வங்கியில் வேலை. நான்கு ஆண்டுகளாகக் காலையில் பண்ணைக் கடற்கரையோரம் 5 கிலோமீற்றர் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் எடை தூக்குகிறேன். சென்ற மாதம் ஓட்டோவிலிருந்து காஸ் சிலிண்டரை இறக்கித் திரும்பியபோது நாரி (கீழ்முதுகு) பிடித்துவிட்டது. இப்போது நோவு இல்லை. உடலைத் திருப்பும் பயிற்சிகளையும் செய்யும்படி நண்பர் சொல்கிறார். திரும்பியதால்தானே பிடித்தது? பயமாக இருக்கிறது. - வாசகர், கொக்குவில்

பதில்: நண்பர் சொல்வது சரி. பயத்தில் திரும்புவதையே விட்டுவிடாதீர்கள். நாரிப்பிடிப்போடு வருகிறவர்களில் பலர் அந்தப் பயத்தாலேயே மரக்கட்டைபோல இறுகிப்போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

நடை, தோப்புக்கரணம், எடை தூக்குதல் எல்லாமே பெரும்பாலும் முன்பின்னான, மேல்கீழான அசைவுகள். அவற்றை உங்கள் உடல் நன்றாகப் பழகிவிட்டது. பாரத்தோடு திரும்புவதற்கு அன்று ஓட்டோவடியில்தான் முதல் பாடம், அதுவும் 12.5 கிலோ எரிவாயுவும் அதற்குமேல் இரும்பின் பாரமும் கையில் இருக்கும்போது.

நாரியிலுள்ள 5 முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 5 முதல் 15 பாகை அளவில்தான் திரும்பும். அவற்றின் மூட்டுகள் குனிந்து நிமிர்வதற்கு அமைந்தவை. நெஞ்சுப்பகுதி முதுகெலும்பு அதைப்போல இரு மடங்குக்கு மேல் திரும்பும். இடுப்பு மூட்டு ஏறக்குறைய 40 பாகை. நாள்முழுதும் கதிரையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் இறுகிவிடுகின்றன. அவை செய்யாத வேலையை நாரி இழுத்துப்போட்டுச் செய்கிறது. மைதானத்தில் பந்தை இழுத்தடிக்கும் பையனின் பின்காலைப் பாருங்கள்: குதி நிலத்தைவிட்டு எழும்பியிருக்கும். அவன் திரும்புவது பாதத்திலிருந்தும் இடுப்பிலிருந்தும். நீங்கள் பாதங்களை ஊன்றிவைத்து, குனிந்தபடி நாரியை முறுக்கியிருப்பீர்கள்.

முதல் இரண்டு வாரங்கள் பாரமே வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, மேல்கையை மெதுவாகத் திறந்து மறுபக்கம் கொண்டுபோங்கள். பார்வையும் கையோடு போகட்டும், முழங்கால்கள் அசையக்கூடாது. பக்கத்துக்கு 8 தடவை போதும். அடுத்து எழுந்து நின்று, கைகளைத் தளர்த்தி, குதியை உயர்த்தியபடி இடுப்போடு இருபக்கமும் திரும்புங்கள். மூச்சை அடக்க வேண்டாம். நித்திரைவிட்டு எழுந்தவுடன் செய்யாதீர்கள். இரவில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தைபோன்ற தட்டுகள் நீரேறிப் புடைத்திருக்கும், ஒரு மணி நேரமாவது போகட்டும். உங்கள் நடை முடிந்த பிறகு செய்வது மிகப் பொருத்தம்.

நோவில்லாமல் இவை வசப்பட்டால் மீள்பட்டி (இழுத்தால் நீளும் இறப்பர் பட்டி) ஒன்றை யன்னல் கம்பியில் நெஞ்சுயரத்தில் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கைகளாலும் பிடித்து முன்னே நீட்டுங்கள். பட்டி உங்களைத் திருப்பப் பார்க்கும்; திரும்பாமல் 10 வினாடி நில்லுங்கள். என் பார்வையில் இதுவே மிக முக்கியமான பயிற்சி. திரும்பத் தெரிந்த உடலுக்குத் திரும்பாமல் தாங்கவும் தெரிய வேண்டும்.

இதனால் இனி நாரியே பிடிக்காது என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அடுத்த சிலிண்டரை உடம்போடு அணைத்துத் தூக்கி, பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புவீர்கள்.

எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய் (ஒஸ்டியோபொரோசிஸ்) உள்ளவர்கள் பாரத்தோடு முறுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். நோவு முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். பாதம் சோர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ அடைத்தாலோ, இரவானாலும் உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.