காலியாகக் கிடக்கும் கட்டத்தை மருமகள்தான் நிரப்ப வேண்டுமா?

கேள்வி: என் மகன் துபாயில் கணக்கர். அங்கேயே நர்ஸாக இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணை விரும்பினான். நாங்கள் தடை சொல்லவில்லை. போன வருஷம் வேலூரில் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் பதிவு செய்து, குடியாத்தத்தில் மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்தோம். பத்திரிகையில் மருமகள் பெயரைக் ‘கயல்விழி’ என்று போட்டோம். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். ஆனால் பாஸ்போர்ட்டில் இன்னும் அவள் அப்பா வீட்டுப் பெயர்தான். கல்யாணம் ஆனால் புருஷன் பெயர் வர வேண்டாமா? சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். (மகன் பாஸ்போர்ட்டிலும் அவன் பெயர் மட்டும்தான். சர்நேம் கட்டம் காலி. நம்ம பக்கம் எல்லாருக்கும் அப்படித்தானே.) வைகாசி சிரசுத் திருவிழாவுக்கு வருகிறாள். அதற்குள் பெயரை மாற்றி, புதுப் பெயரிலேயே டிக்கெட் போடச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் மூன்று முறை படித்தேன். மகன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படியென்றால் மருமகளுக்குப் புருஷன் பெயர் வர வேண்டும் என்கிறீர்களே, எந்தப் பெயர்? அவள் நாட்டுச் சட்டம் அவளுக்கு அனுமதிப்பது கணவனின் குடும்பப் பெயரை. அது உங்கள் மகனிடமே இல்லை. அவன் முதல் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் வீட்டில் யாரும் அந்தக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்து ஒரு வருஷமான பெண் மட்டும் அதை நிரப்பியாக வேண்டும், அதுவும் திருவிழாவுக்குள்!

சரி, நிரப்புவதாகவே வைத்துக்கொள்வோம். அவன் இனிஷியலாக நிற்கும் அப்பா பெயரை அவள் சர்நேமாகப் போட்டால், ஏர்போர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். நம் பக்கத்துப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற பெயர் அது. மகன் பெயரையே போட்டால், அவளுக்கு சர்நேமாக இருப்பது அவனுக்கு முதற்பெயர். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு ஒரே பெயர் இரண்டு கட்டத்தில் தெரியும். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கல்யாணச் சான்றிதழை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மாற்றம் கட்டாயமே இல்லை. பிலிப்பைன்ஸ் சிவில் சட்டம் 370-ஆம் பிரிவு, மணமான பெண் கணவன் குடும்பப் பெயரைப் ‘பயன்படுத்தலாம்’ என்கிறதே தவிர, ‘பயன்படுத்த வேண்டும்’ என்று சொல்லவில்லை. 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆனால் ஒருமுறை பாஸ்போர்ட்டில் கணவன் பெயரை ஏற்றுவிட்டால், 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி கணவன் இறந்தாலோ திருமணம் முறிந்தாலோதான் பழைய பெயருக்குத் திரும்ப முடியும் என்று இருந்தது. 2024-ல் வந்த புதிய பாஸ்போர்ட் சட்டம்தான் கொஞ்சம் தளர்த்தி, ஒரே ஒரு முறை திரும்பலாம் என்றது. சொந்தக்காரர்கள் வாயை அடைக்க அந்த ஒரு வாய்ப்பைச் செலவழிக்கச் சொல்கிறீர்களா?

இன்னொன்றும் உண்டு. ஒரு தாயாக இதைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ்காரர்களின் பெயரில் நடுவில் நிற்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், கடைசியில் நிற்பது அப்பாவுடையது. கணவன் பெயரை ஏற்றால் அப்பா பெயர் நடுவுக்கு நகரும், அம்மா பெயர் விழுந்துவிடும். அவளைப் பெற்றவள் மணிலாவிலோ வேறெங்கோ இருந்துகொண்டு, மகளைக் குடியாத்தத்துக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை இதுதானா? மருமகளை மகளாகப் பார்ப்பது மாமியாரின் கடமை என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. அவளைப் பெற்றவர்களின் அடையாளத்தை அழிக்கும் உரிமையை அந்தக் கடமை நமக்குத் தரவில்லை.

‘கயல்விழி’ அழகான பெயர். வீட்டில் அப்படியே கூப்பிடுங்கள். ஆனால் திருமணத்தால் முதற்பெயர் மாறாது. அதற்கு அவள் ஊரில் சிவில் பதிவாளரிடம் தனியாக மனுப் போட வேண்டும், சட்டம் ஏற்கும் காரணமும் காட்ட வேண்டும். மாமியார் வைத்த பெயர் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே சரி என்றது பத்திரிகைக்கு. பாஸ்போர்ட்டுக்கும் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் பெயர் மாறினால் அது அங்கேயே நிற்காது. துபாய் ரெசிடென்ஸ் விசா, எமிரேட்ஸ் ஐடி, வங்கிக் கணக்கு, நர்ஸ் லைசென்ஸ் எல்லாமே பின்னால் வரிசையில் நிற்கும். இதில் லைசென்ஸ்தான் பெரிய தலைவலி. படித்த சான்றிதழும் அனுபவச் சான்றிதழும் பழைய பெயரில், பாஸ்போர்ட் புதுப் பெயரில் என்றால் சரிபார்ப்பில் நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் துபாயில் செல்ல வேண்டுமென்றால் அதற்குத் தனி முத்திரை வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே சான்றிதழில் அப்போஸ்டில் (அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை) அடித்துவிட்டு, எல்லா நாட்டுக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்தியா 2005-லும் பிலிப்பைன்ஸ் 2019-லும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தன. அதனால் அவள் நாட்டுக்கு, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். துபாய் இருக்கும் எமிரேட்ஸ் நாடு அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே காட்ட, மாநிலச் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், இங்குள்ள எமிரேட்ஸ் தூதரகச் சான்றொப்பம் மூன்றும் ஆன பிறகு, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகமும் ஒப்பமிட வேண்டும். ஆகவே கல்யாணம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றளித்த நகல் குறைந்தது இரண்டு வாங்குங்கள். வாங்கும்போதே அவளுடைய முதல், நடு, கடைசிப் பெயர்கள் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து அவள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அவளுடைய நடுப்பெயரை நம் ஆட்கள் இனிஷியல் என்று நினைத்துச் சுருக்கி எழுதிவிடுவது சகஜம். சுருக்கியிருந்தால் முத்திரைக்கு அனுப்பும் முன்பே திருத்தக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் திருமணத்தை அவள் நாட்டுக்குத் தெரிவித்தாயிற்றா? வெளிநாட்டில் மணம் செய்த பிலிப்பைன்ஸ் குடிமக்கள் தங்கள் தூதரகத்தில் ‘ரிப்போர்ட் ஆஃப் மேரேஜ்’ பதிய வேண்டும். மணம் நடந்தது வேலூரில் என்பதால் அது புது தில்லித் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் தாமதத்துக்கு விளக்கப் பிரமாணப் பத்திரமும் சேர்க்க வேண்டும். உங்கள் கணக்குப்படி அந்த வருஷம் முடியப்போகிறது. இது பதியாமல் அவளே விரும்பினாலும் பெயரை மாற்ற முடியாது. அவள் நாட்டுக் கணக்கில் அவள் இன்னும் கல்யாணம் ஆகாதவள். ஊரார் கேட்பதற்கு வருத்தப்படுகிற நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

இப்போது மகன் விஷயம். 2022 நவம்பர் 21 முதல் எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஏற்கெனவே ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தவில்லை. உங்கள் மகன் தப்பித்தது அதனால்தான். வேலை மாறி, விசா ரத்தாகி, புதிதாக உள்ளே போக வேண்டி வந்தால்? பேர் மாற்றச் சொல்லி மருமகளிடம் நீங்கள் காட்டும் அவசரத்தை அவன் தன் பாஸ்போர்ட்டில் காட்டட்டும். மறுவழங்கலுக்கு, விவரங்களில் மாற்றம் என்று விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1500 ரூபாய். லீவில் வரும்போது வேலூர் தலைமைத் தபால் நிலையப் பாஸ்போர்ட் மையத்தில் நேரம் எடுக்கலாம். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பான் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி பிரிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதே விண்ணப்பத்தில் மனைவி பெயரையும் சேர்க்கலாம், அவள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

ஆனால் வரிசை தப்பக் கூடாது. கல்யாணச் சான்றிதழில் அவன் பெயர் ஒற்றைப் பெயராகத்தான் இருக்கும், இன்றைய பாஸ்போர்ட்டும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போகும் இந்த நிலையிலேயே தில்லித் தூதரகப் பதிவை முடித்துவிடட்டும். அதன் பிறகு அவன் பாஸ்போர்ட்டைத் தொடலாம். முதலில் பாஸ்போர்ட்டை மாற்றினால் சான்றிதழில் ஒருவர், பாஸ்போர்ட்டில் ஒருவர் என்று ஆகி, அதற்கு வேறு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்பார்கள்.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டவர் ஒவ்வொரு முறையும் விசா எடுக்காமல் இந்தியா வந்துபோக உதவுவது) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடிமகனின் வெளிநாட்டு மனைவி அதற்கு விண்ணப்பிக்க, பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டு வருஷம் நீடித்திருக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். பெயர் மாற்றுவதா இல்லையா என்பதை அதற்குள் அவளே முடிவு செய்துகொள்ளட்டும். அட்டை வாங்கிய பிறகு மாற்றினால் அட்டையையும் மறுபடி வாங்க வேண்டும்.

டிக்கெட்டைப் புதுப் பெயரில் போடவே கூடாது. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ, அடியில் அச்சான இரண்டு வரிக் குறியீட்டில் எப்படி இருக்கிறதோ, அதுவே டிக்கெட்டில். ஓரிரு எழுத்துப் பிழை என்றால் விமான நிறுவனங்கள் திருத்தித் தரும். வேறொரு பெயர் என்றால் ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும், பணம் போய்விடும். இந்திய விசாவும் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. விண்ணப்பத்தில் ‘பெயர் எப்போதாவது மாற்றியதுண்டா’ என்ற கேள்விக்கு, மாற்றாதவரை ‘இல்லை’ என்றே பதில். கணவர் பெயர், அவர் குடியுரிமை கேட்கும் கட்டங்களில் உங்கள் மகன் விவரம் வரும். வேலூரில் ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கினாலும், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் நிரப்புவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர்களுக்கு இது தினப்படி வேலை, அவர்களிடம் கயல்விழி என்று சொல்லிக் குழப்ப வேண்டாம்.

டிராவல்ஸ்காரரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே போன் போட்டு நிறுத்துங்கள். அவள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து அவரே தட்டச்சு செய்யட்டும். பெயரை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம்.