கூலி இடத்தில் 'நேன்' வருவது ஏன்?

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் தோட்டத்துச் செம்பனைக் குலைக் கணக்கில், டன்னுக்கான ரேட்டைக் கொடுக்காமல் ஃபங்ஷனை அழைத்தால் கூலி 'நேன்' (NaN, அதாவது 'எண் அல்ல') என்று வருவதாக எழுதியிருந்தீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் விதியே அதுதான். விடுபட்ட ஆர்கியுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) 'அன்டிஃபைன்ட்' (undefined, மதிப்பு தரப்படாதது) ஆகிவிடும். பைத்தான் போல எரர் காட்டி நிற்காது. அதை எண்ணால் பெருக்கினால் 'நேன்'.

2015 பதிப்பிலிருந்து டிஃபால்ட் மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) வைக்கலாம். போனஸுக்கு 0 வைப்பது சரி. ரேட்டுக்கு மட்டும் ஏதோ ஓர் எண்ணை வைத்துவிடாதீர்கள், அது உழைத்தவர் சம்பளம்! ரேட்டின் டிஃபால்ட் இடத்தில் எரர் எறியும் ஒரு சின்ன ஃபங்ஷனை அழையுங்கள். ரேட் விடுபட்டால் மட்டுமே அது ஓடும்.

அப்புறம், ரேட் இடத்தில் 'நல்' (null, 'மதிப்பு இல்லை' என்று குறிப்பது) வந்தால் டிஃபால்ட் வேலை செய்யாது. பெருக்கலில் அது 0 ஆகி, கூலியும் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். அதைத் தனியாகச் சோதியுங்கள்.