ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் வீட்டு டெஸ்க்டாப் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. இன்று ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் ஒன்றுமே இல்லை. போனில் கேட்டதற்கு, மதர்போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பணம் கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் உயிர் இருக்கிறதா என்பதை முதலில் நீங்களே பார்த்துவிடலாம். ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். ஒயர் உள்ள கீபோர்டாக இருக்கட்டும். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால், ப்ராசஸரும் ராமும் (போர்டில் செருகியிருக்கும் மெமரி) மதர்போர்டும் பெரும்பாலும் நலம். மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு என்று தேடுங்கள்.

விளக்கு அசையவில்லையா? அடுத்து ராமைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப்பைத் தள்ளினால் ராம் மேலெழும். அதன் அடி விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். மங்கலாகவோ கறையாகவோ தெரிந்தால் மென்மையான அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் தங்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால், அதால் துடைப்பது இன்னும் நல்லது. பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், கிளிப் ‘டக்’ என்று விழும் வரை அழுத்திச் செருகி ஆன் செய்யுங்கள். வரவில்லையென்றால் ஸ்லாட்டை மாற்றுங்கள். அதன்பின் ராமை மாற்றுங்கள். இந்தப் பொறுமைதான் முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால், ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் போர்டும் ப்ராசஸரும் பேசுகின்றன என்று அர்த்தம். மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, ரைசன் 7000 வரிசை ப்ராசஸர், டி.டி.ஆர்.5 ராம் வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். திரை கறுப்பாகவே இருக்கிறது. அணைத்து அணைத்துப் போடுகிறேன்.

பதில்: தம்பி, அணைக்காதே. முதல்முறை ஆன் செய்யும்போது அந்த போர்டு ராமின் வேகத்தையும் நேரக்கணக்கையும் தானே பழகிக்கொள்ளும். மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். பல நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. கால் மணி நேரம் தொடாமல் விடு. அப்போதும் வரவில்லையென்றால், ப்ராசஸர் பக்கத்தில் மேல் மூலையில் இருக்கும் 8 பின் பவர் கேபிளைப் பார். 24 பின் கேபிளை மட்டும் மாட்டிவிட்டு இதை மறந்தாலும் ஃபேன் எல்லாம் சுற்றும், ப்ராசஸர் மட்டும் எழாது.

கேள்வி: ஐ5-12400எஃப் ப்ராசஸர். எச்.டி.எம்.ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறேன். ‘நோ சிக்னல்’ வருகிறது.

பதில்: பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அந்த இன்டெல் ப்ராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

கேள்வி: ஆன் ஆகி இரண்டு விநாடியில் அணைந்து, மறுபடி தானாக ஆன் ஆகிறது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேலான டி.சி.யாக மாறிக் கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது உயிருக்கு ஆபத்து. வெளியிலிருந்தே சோதிக்க நிறைய இருக்கிறது. முன்பக்கப் பட்டன்களின் ஒயர்களைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். ஒழுங்காக ஓடினால் சிக்கிக்கொண்ட பட்டன்தான் குற்றவாளி. இல்லையென்றால் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். அடியில் தவறான இடத்தில் நிற்கும் ஒரு பித்தளைத் திருகே ஷார்ட் ஆக்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், தெரிந்தவரிடம் வேறு எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர் பார்த்தால் 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

கேள்வி: ஐயா, விண்டோஸ் வருகிறது. பத்து நிமிடத்தில் மவுஸ்கூட நகராமல் உறைந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. என் ஆய்வேடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, தயவுசெய்து போடாதீர்கள். டிஸ்க்கைச் சரிசெய்யும் மென்பொருள் எதையும் ஓட்டவும் வேண்டாம். விளக்கு விடாமல் எரிவதைப் பார்த்தால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது என்று தோன்றுகிறது. பழுதான டிஸ்க்குக்கு ஒவ்வொரு நிமிட ஓட்டமும் சேதம். இப்போதே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறு கணினியில் மாட்டி, ஆய்வேட்டை மட்டும் முதலில் எடுங்கள்; படங்களும் பாடல்களும் பிறகு. ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அத்துடன் நிறுத்திவிட்டுத் தரவு மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவாகும்தான், ஆனால் பல வருட உழைப்பு அதில் இருக்கிறது. டிஸ்க் நலமாக இருந்தால் அடுத்து ராமையும் ப்ராசஸர் சூட்டையும் பார்க்கலாம். ஆய்வேடு கையில் வந்ததும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்கிறது. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை இன்றே அழையுங்கள். அவர் பார்க்கும் வரை கணினியைப் போட வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் தேதி பின்னுக்குப் போய்விடுகிறது, சில நாள் டிஸ்ப்ளேயும் வருவதில்லை.

பதில்: போர்டில் நாணயம் போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள். தேதியைச் சரிசெய்த பிறகும் டிஸ்ப்ளே மக்கர் செய்தால், மேலே சொன்ன ராம் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.